சாந்தசொரூபியின் கடைவாய்

எனக்குக் கோபமே வராது என்று எங்கள் அடுக்ககத்தில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் மறுத்ததில்லை. பரப்பியதில் எனக்கும் கொஞ்சம் பங்குண்டு. குடியிருப்போர் சங்கத்துக்கு என்னைப் பிடித்துச் செயலாளராகப் போட்டதே அதனால்தான். சிறுவாணித் தண்ணீர் வரவில்லை என்று மூன்றாவது மாடிக்காரர் என்னைக் கேட்கிற கேள்வியைச் சிறுவாணி அணையைப் பார்த்துக் கேட்டிருந்தால், அது அழுத அழுகையிலேயே தொட்டி நிரம்பியிருக்கும். நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். பராமரிப்புத் தொகை கட்டாதவர் மேசையைக் குத்திப் பேசும்போது, மேசை சங்கத்துச் சொத்தாயிற்றே என்கிற கவலையைக்கூட முகத்தில் காட்ட மாட்டேன். பம்ப் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. மார்ச் மாதக் கடைசியில் ஆடிட்டருக்கு எதிரே உட்கார்ந்தும் இதே சிரிப்புதான். "உங்களுக்கு இருக்கிற பொறுமை யாருக்கு வரும் சார்!" என்பார்கள்.

வீட்டில் மட்டும் இந்தப் பேச்சு எடுபடுவதில்லை. வீட்டார் என்னை ராத்திரியிலும் பார்க்கிறவர்கள். கேட்கிறவர்கள் என்று சொல்வது இன்னும் பொருத்தம்.

தாராபுரத்திலிருந்து வந்திருந்த என் மாமியார் ஒரு நடுச்சாமத்தில் எழுந்து சமையலறை விளக்கைப் போட்டுத் தேடியிருக்கிறார். பிறகு எங்கள் அறைக் கதவைத் தட்டி, "கிரைண்டரை அமத்தாம படுத்துட்டயா சாமி?" என்று மகளை எழுப்பியிருக்கிறார். மகள் கொட்டாவியோடு, "கிரைண்டர் இங்கதான் படுத்திருக்குதும்மா" என்று என்னைக் கை காட்டியிருக்கிறாள். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது ஊருக்கே தெரியும். அரிசியும் இல்லாமல் கரண்டும் இல்லாமல் ஓடுகிற மாடல் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

நான் நம்பவில்லை. பல்லைக் கடிக்கிறவனுக்கு அது தெரியாது. பக்கத்தில் படுத்தவர் சொல்லித்தான் தெரியும். சொன்னாலும் ஒத்துக்கொள்ளாத ஆட்களுக்காகத்தான் செல்போனில் ஒலிப்பதிவு வைத்திருக்கிறார்கள். மனைவி காலையில் போட்டுக் காட்டினாள். முதலில் நறநற. நடுவில் கொஞ்சம் ஓய்வு. அப்புறம் ஒரு 'டக்'. மறுபடி நறநற. அதை அவள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வார்த்தையும் எழுதாமல் போட்டுவிட்டாள். எழுத வேண்டியதையெல்லாம் சொந்தக்காரர்கள் எழுதினார்கள்.

என் அண்ணன், "அப்பாவுக்கும் இருந்தது" என்று திருப்பூரிலிருந்து ஒரு வரி போட்டார். உண்மைதான். அப்பாவின் கடைசிக் காலத்துப் பற்களெல்லாம் ஒரே மட்டமாக இருக்கும். இந்தப் பழக்கம் குடும்பத்தில் ஓடக்கூடியது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்பா விட்டுப்போனதில் தாசில்தார் ஆபீசுக்குப் போகாமலேயே எங்களுக்குப் பாகமான சொத்து இது ஒன்றுதான்.

அலுவலக நண்பர், நான் மேனேஜரைக் கடிக்கிறேன் என்றார். மனைவியின் கருத்து வேறு. "பகல்ல வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. எங்கண்ணன் வந்து தங்கினாக்கூடச் சிரிச்சுட்டேதான் இருப்பீங்க. எல்லாத்தையும் சேர்த்து வெச்சு ராத்திரியில அரைக்கறீங்க" என்றாள். வெளியே மறுத்தாலும் இந்த விளக்கம் எனக்கு உள்ளூர ரொம்பப் பிடித்துவிட்டது. குடும்பத்துக்காக எத்தனையையோ விழுங்கிக்கொண்டு, அந்த வேதனையைத் தூக்கத்தில் மட்டும் வெளியே விடுகிற ஒரு மனிதன்! என் தியாகத்துக்கு அதுவரை வீட்டில் ஒரு சாட்சிகூட இல்லை. இப்போது ஒலிப்பதிவே இருக்கிறது.

மாமியாருக்கு இந்த மனத்தத்துவமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "வவுத்துல பூச்சிங்க மாப்ள. பூச்சி இருந்தாத்தான் ராத்திரியில பல்லை நறநறன்னு கடிப்பாங்க" என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டு வேப்பங்கொழுந்து பறிக்கக் கிளம்பிவிட்டார். வெறும் வயிற்றில் ஓர் உருண்டை. அது போதாதென்று மனைவி மருந்துக் கடையில் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரையும் வாங்கி வந்தாள். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று குடற்புழு நீக்க நாள் வைத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அதே மாத்திரை. "கடிச்சு மென்னு சாப்பிடணும்பா" என்று ஏழாவது படிக்கிற என் மகன் அனுபவஸ்தனாக வழிகாட்டினான். கடிப்பதை நிறுத்துவதற்கு இன்னும் கொஞ்சம் கடித்தேன். பூச்சிக்கும் பல் கடிப்பதற்கும் தொடர்பு இருப்பதாக உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை. நிரபராதியான சில புழுக்கள் என் வயிற்றில் இருந்திருந்தால் அவற்றிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

இதற்கிடையே காலையில் எழுந்தால் இரண்டு நெற்றிப்பொட்டிலும் வலி. இட்லியை மென்றால் காதுக்குள் ஒரு 'க்ளிக்'. இட்லி சத்தம் போடுகிற பண்டமல்ல என்பதால் பயந்துபோய்க் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டினேன். அவர் விளக்கடித்துப் பார்த்து, காது சுத்தமாக இருக்கிறது, தாடையைப் போய்க் காட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார். கீழ்த்தாடை மண்டையோட்டில் வந்து மாட்டுகிற மூட்டு காதுக்கு நேர் முன்னால் இருக்கிறது. அங்கே வலித்தால் காது வலிக்கிற மாதிரித்தான் தெரியும். நடுவில் இருக்கிற சவ்வு இடம் பிசகினால் வாயைத் திறந்து மூடும்போது அது சத்தமும் போடும். ஆனாலும் நான் தாடையைக் காட்டப் போகவில்லை. தீபாவளி முறுக்கில் இடது கடைவாய்ப் பல் ஒரு மூலை பெயர்ந்து வந்த பிறகுதான் போனேன். வாயிலிருந்து எடுத்துப் பார்த்தபோது எது முறுக்கு, எது பல் என்று பிரிக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

முதலில் போன இடத்தில் மொத்தப் பற்களையும் ஒழுங்காக ராவிவிட்டு, மேலும் கீழும் வரிசையாகக் கேப் போட்டால் கடி சரியாகிவிடும் என்று ஒரு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தொகையில் ஒரு பழைய மாருதி வாங்கலாம். பற்கள் சரியாகப் பொருந்தாததால்தான் கடிக்கிறார்கள் என்று ஒரு காலத்தில் பரவலாக நம்பினார்கள். இப்போது பல் கடிப்பதற்கு வைத்தியமாகப் பல்லை ராவச் சொல்வதில்லை. ராவியது ராவியதுதான், திரும்ப வராது. இந்த விவரமெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. ஆனால் கணக்குப் பிரிவுக்காரனுக்கு இது போதுமே: நான் ராத்திரியில் இலவசமாகச் செய்துகொண்டிருக்கிற வேலைக்குப் பகலில் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

அடுத்துப் போனது எங்கள் தெருமுனையில் இருக்கும் இளம் பெண் மருத்துவரிடம். அவர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் இரண்டு கன்னத்திலும் விரலை வைத்து, "நல்லாக் கடிங்க சார்" என்றார். தாடை மூலையில் ஒரு தசை புடைத்துக்கொண்டு எழுந்தது. மசெட்டர் என்று பெயராம். மெல்லுகிற தசை. "எக்சர்சைஸ் பண்ணின மாதிரி டெவலப் ஆயிருக்கு" என்றார். ஜிம்முக்குக் கட்டிய பணமெல்லாம் வீணாய்ப்போன உடம்பில், நான் வளர்த்த ஒரே தசை அதுதான். மனைவி பெருமையாகப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது.

பிறகு கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினார். கன்னத்தின் உட்புறம் பல் வரிசைக்கு நேராக ஒரு வெள்ளைக் கோடு. நாக்கின் ஓரமெல்லாம் பல் பதிந்த தடம். கூராக இருக்க வேண்டிய கோரைப்பற்கள் பக்கத்துப் பற்களோடு மட்டமாக நின்றன. மனித உடம்பிலேயே கடினமான பொருள் பல்லின் மேலிருக்கும் எனாமல்தான், எலும்பைவிடக் கடினம். ஆனால் தேய்ந்தால் வளராது. அதைக் கட்டிய செல்கள், பல் முளைத்து வெளியே வரும்போதே வேலையை முடித்துக்கொண்டு போய்விடுகின்றன. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும். எனாமலுக்கு மட்டும் அந்த வசதி கிடையாது.

இதுதான் சமயம் என்று நான் என் தியாக வரலாற்றை ஆரம்பித்தேன். "டாக்டர், நான் எதையுமே வெளிய காட்டிக்க மாட்டேன். எல்லாத்தையும் மனசுக்குள்ளயே போட்டு…"

"சாயங்காலம் காபி எத்தனை மணிக்கு சார்?" என்றார் அவர்.

ஆறரைக்கு ஒன்று. சங்கக் கூட்டம் இருந்தால் எட்டரைக்கு இன்னொன்று. அதை எழுதிக்கொண்டார். புகை, மது உண்டா என்றார். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறீர்களா என்றார். அந்த வகை மாத்திரைகள் சிலவற்றால் பல் கடிப்பது வருவதுண்டாம். அப்படி வந்தாலும் நாமாக நிறுத்தக் கூடாது, எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும் என்றார். குறட்டை உண்டா என்றார். "இல்லை" என்றேன். பின்னால் நின்ற மனைவி சிரித்த சிரிப்பில் காத்திருப்போர் எட்டிப் பார்த்தார்கள். தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறவர்களிடமும் இந்தக் கடி சேர்ந்து காணப்படுகிறதாம். அதற்குத் தனியாக ஒரு சோதனை எழுதிக் கொடுத்தார். குறட்டை விஷயம் அவமானத்தில் இதைவிடப் பெரியது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

என் கோபம், பொறுமை, மச்சான் இதையெல்லாம் அவர் எங்கேயும் எழுதிக்கொள்ளவில்லை. கேட்டதற்குச் சொன்னார்: ப்ரக்ஸிசம் என்பது இரண்டு வகை. பகலில் தெரியாமல் பல்லை இறுக்கிக்கொள்வது ஒன்று. அதில் மன இறுக்கத்துக்கு நல்ல பங்குண்டு. ராத்திரியில் அரைப்பது தூக்கத்தோடு சேர்ந்த சங்கதி. மேலோட்டமான தூக்கத்தில் மூளை நொடிக்கணக்கில் லேசாக விழிக்கும், இதயத் துடிப்பு கூடும், அதற்கு அடுத்தபடி தாடைத் தசை வேலை செய்ய ஆரம்பிக்கும். கவலை அதைக் கூட்டலாம்; கவலையே இல்லாதவர்களும் கடிக்கிறார்கள். பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 8 பேருக்கு இது உண்டு. குழந்தைகளிடம் இன்னும் அதிகம், பெரும்பாலும் வளர வளரப் போய்விடும். விழித்திருக்கும்போது வேண்டுமென்றே முழு பலத்தோடு கடித்தாலும் வராத விசை, சிலருக்குத் தூக்கத்தில் வருமாம்.

அதாவது நான் எதையும் விழுங்கவில்லை. யாருக்காகவும் எதையும் அரைக்கவில்லை. எட்டரை மணிக் காபியும் அரைகுறைத் தூக்கமும்தான். மனைவி நிம்மதியாகத் தலையாட்டினாள். அவளுடைய அண்ணன் குற்றப்பத்திரிகையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார். எனக்குத்தான் வெறுங்கையோடு திரும்புகிற மாதிரி இருந்தது.

பெயர்ந்த பல்லுக்கு ரூட் கேனல், அதன் மேல் ஒரு கேப். அது போன வலியோடும் பணத்தோடும் போகட்டும். ராத்திரிக்கு நைட் கார்டு என்று முடிவாயிற்று. அதற்கு அளவு எடுக்க வேண்டும். அல்ஜினேட் என்கிற ரோஸ் நிறப் பொடியைத் தண்ணீர் விட்டுக் கிண்ணத்தில் சரசரவென்று குழைத்து, தட்டில் ரொப்பி, மேல்தாடையில் வைத்து அழுத்திப் பிடித்தார். ஸ்ட்ராபெரி வாசனை. ஜில்லென்று அண்ணத்தில் பரவித் தொண்டைப் பக்கம் வழிய ஆரம்பித்தது. குமட்டிக்கொண்டு வந்தது. "மூக்கால மூச்சு விடுங்க, காலைத் தூக்குங்க" என்றார். வாந்திக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிப்பதற்குள் குமட்டல் நின்றது. கவனத்தைக் காலுக்குத் திருப்புகிற வித்தை அது. கண்ணில் நீர், கடைவாயில் எச்சில், இரண்டு காலும் அந்தரத்தில். அந்த நேரம் பார்த்து உதவியாளர் பெண், "சார், நீங்கதான் அந்த அப்பார்ட்மென்ட் செக்ரட்டரிங்களா? எங்க சித்தி அங்க ரெண்டாவது மாடி. தண்ணியே வர்றதில்லைன்னாங்க" என்றாள். வாய் நிறைய ஸ்ட்ராபெரியோடு நான் சங்கத்தின் நிலைப்பாட்டை விளக்கினேன்.

கார்டு வந்தது. மேல் பல் வரிசைக்கு மாட்டுகிற, கெட்டியான, கண்ணாடியாகத் தெரிகிற அக்ரிலிக். "இது கடிக்கறதை நிறுத்தாது சார். பல்லுக்குப் பதிலா இது தேயும், அவ்வளவுதான்" என்று மருத்துவர் முதலிலேயே சொல்லிவிட்டார். முதல் ராத்திரி தலையணை உறை நனைந்தது. 'செல்லம், விளக்கை அணைச்சுடு' என்று சொன்னது எந்த மொழியிலும் சேராத ஓர் ஒலியாக வெளியே வந்தது. மனைவி எழுந்து மின்விசிறியைக் கூட்டினாள். போகப் போகப் பழகிவிட்டது. சண்டை வருகிற மாதிரி இருந்தால் கார்டைச் சீக்கிரமே மாட்டிக்கொண்டு படுத்துவிடலாம் என்ற உபயோகத்தையும் கண்டுபிடித்தேன். இது எந்த மருத்துவப் புத்தகத்திலும் இருக்காது.

அதைப் பச்சைத் தண்ணீரில் மெதுவான பிரஷ்ஷால் கழுவிக் காற்றுப் போகிற டப்பாவில் வைக்க வேண்டும். சுடுதண்ணீர் ஆகாது. இதை எனக்குச் சொன்னார்கள், மாமியாருக்கு யாரும் சொல்லவில்லை. "வாய்க்குள்ள போற சாமானை இப்படியா வெறுந்தண்ணில அலசறது" என்று அங்கலாய்த்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு இடுக்கியால் எடுத்து, துடைத்து, பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருந்தார். இரண்டு முனையும் உள்ளே வளைந்து, எந்தப் பிராணியின் வாய்க்கும் பொருந்தாத ஒரு வடிவத்துக்கு அது வந்திருந்தது. மறுபடி ஸ்ட்ராபெரி, மறுபடி கால் தூக்கல். உதவியாளர் பெண்ணின் சித்திக்கு அப்போதும் தண்ணீர் வந்திருக்கவில்லை.

ராத்திரிக்கு இதுவாவது இருக்கிறது. பகலுக்குக் கருவி கிடையாது. உதடு மூடியிருக்க வேண்டும், பற்கள் தொடாமல் இருக்க வேண்டும், நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் லேசாக நிற்க வேண்டும். "ன்-னு சொல்லிப் பாருங்க. நாக்கு எங்க போய் நிக்குதோ அங்கயே விட்டுடுங்க" என்றார். ஓய்வில் இருக்கிற வாயில் மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். சாப்பிடுவதையும் சேர்த்து ஒரு நாளில் அவை தொட்டுக்கொள்ளும் நேரத்தைக் கூட்டினால் 20 நிமிடம்கூடத் தேறாதாம். நானோ, அவிநாசி சாலையில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த வருடங்களில், ஒவ்வொரு நாளின் பங்கையும் வீட்டிலிருந்து லட்சுமி மில் சிக்னலுக்கு வருவதற்குள்ளேயே செலவழித்து முடித்திருந்தேன்.

அடிக்கடி கண்ணில் படுகிற இடங்களில் ஏதாவது ஓர் அடையாளம் ஒட்டிவைத்து, அதைப் பார்க்கும்போதெல்லாம் தாடையைத் தளர்த்தச் சொன்னார். வீட்டில் கைக்கு அகப்பட்டது மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு. மெரூன் நிறம், நடுத்தர அளவு. கம்ப்யூட்டர் மானிட்டரில் ஒன்று, ஸ்கூட்டரின் ஸ்பீடாமீட்டரில் ஒன்று, டிவி ரிமோட்டில் ஒன்று, ஃப்ரிட்ஜில் ஒன்று. ஆடிட்டர் வந்தவர் மானிட்டரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். பொட்டு தெரிந்தால் தாடை தளர வேண்டும் என்பது சில வாரத்தில் எனக்கு அனிச்சையாகவே வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் பீளமேட்டில் ஒரு கல்யாணம் வந்தது.

மண்டப வாசலில் சந்தனம் கொடுக்கிற இடத்திலேயே நாலைந்து பொட்டுகள். உள்ளே நுழைந்தால் வரிசை வரிசையாக நெற்றிகள். எதிரே வருகிற ஒவ்வொரு அம்மாளின் நெற்றியையும் உற்றுப் பார்ப்பது, உடனே தாடையைத் தொங்கவிடுவது, நாக்கை மேலே வைப்பது, 'ன்' என்பது. மனைவியின் சின்னம்மா அவளைத் தூண் மறைவுக்கு இழுத்துப் போய், "ஏன் கண்ணு, மாப்ளைக்கு ஏதாச்சும் ஸ்ட்ரோக்கா? ஆளைப் பார்த்தா வாயைத் தொறக்கறாரு, பேச்சு வர மாட்டேங்குது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். மறுநாளே பொட்டுகள் உரிக்கப்பட்டன. அவற்றின் இடத்தில், தமிழ்நாட்டில் எந்தப் பெண்ணும் வைத்துக்கொள்ளாத பளீர்ப் பச்சையில், மகனின் நோட்டுப் புத்தக லேபிள்கள் ஏறின.

சாப்பாட்டிலும் கட்டுப்பாடு. கெட்டியானது, இழுவையானது, சூயிங்கம், ஐஸ்கட்டி எதுவும் கூடாது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, எனக்குத் தடை. மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் கிடைத்தது, அதுவும் தடை. அரசாங்கம் எதை அங்கீகரித்தாலும் என் மருத்துவர் அதை ரத்து செய்கிறார். தாடைக்கு வெந்நீர் ஒத்தடம், கன்னத் தசையை விரலால் நீவிவிடுவது, மதியத்துக்குப் பிறகு காபி இல்லை. தாடைத் தசையில் போடாக்ஸ் ஊசி போட்டால் கடியின் பலம் குறையும், மூன்று நான்கு மாதம் தாங்கும் என்று ஒரு வழியும் இருக்கிறது. அதைக் கேட்டதும் மச்சான், "சினிமாக்காரங்க போடறதாச்சே மாப்ள" என்று குடும்பக் குழுவில் என் படத்தையும் ஒரு நடிகரின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். அவரைக் குற்றப்பத்திரிகையில் திரும்பச் சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்க இருக்கிறேன்.

போன தடவை கார்டை எடுத்துக்கொண்டு போனபோது மருத்துவர் அதை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். கடைவாய்ப் பக்கம் இரண்டிலும் சாய்வாகக் கோடுகள், பளபளவென்று வழித்து எடுத்த பள்ளங்கள். "சூப்பர் சார், நல்லா வேலை செய்யுது" என்றார். நான் துளியும் குறையாமல் கடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் தலைவலி குறைந்திருக்கிறது, இட்லி சத்தம் போடுவதில்லை. மனைவி தூங்குகிறாள்.

நேற்று ராத்திரி கார்டை மாட்டிக்கொண்டு படுத்த பிறகு மாமியாரிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டு என் முகத்துக்கு நேரே நீட்டினாள் மனைவி.

"ஏனுங் மாப்ள, சத்தம் நின்னு போச்சாமுங்க?"

அத்தையிடம் மேலோட்டத் தூக்கம், இதயத் துடிப்பு, அக்ரிலிக் எல்லாவற்றையும் முறையாக விளக்கிவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன். கார்டு வழியாக வெளியே வந்தது "ஆவாங்" மட்டும்தான்.

"நான் அன்னிக்கே சொன்னனுங்களே, பூச்சிதான்னு! அடுத்த வாரம் பஸ்ஸுல இன்னொரு டப்பா கொழுந்து உருண்டை குடுத்து வுடறனுங்க. உங்க எதுத்த வூட்டுப் பையனும் கடிக்கறானாமா. அவங்கம்மாகிட்ட உங்களைத்தான் காட்டியிருக்கறனுங்க, எதுக்கும் வந்து கேட்டா நல்லபடியாச் சொல்லுங்க."